முடிவ கடைசி வரைக்கும் மறைச்சு வச்சும் கதையில டென்ஷன் ஏறல, என்ன பண்ணலாம்?

கேள்வி (தர்மபுரியிலிருந்து)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சிறுகதை எழுதிட்டிருக்கேன். ஒரு லாரி டிரைவர் கிருஷ்ணகிரியில கிரானைட் கல்லு லோடு ஏத்திக்கிட்டு ராத்திரி தூத்துக்குடி கிளம்பறாரு, தொப்பூர் கணவாய்ல எறங்கறப்போ பிரேக் புடிக்கல, அதான் கதை. பிரேக் விஷயம் கடைசி பக்கத்துலதான் வருது, அதுவரைக்கும் ஒரு க்ளூ கூட குடுக்கல, அப்பதான் படிக்கறவங்களுக்கு தூக்கிவாரிப் போடும்னு. ஆனா படிச்ச ஃப்ரெண்ட்ஸ் நல்லாருக்குன்னு சொல்லிட்டு, நடுவுல போன் எடுத்து நோண்டிட்டுதான் மறுபடி படிச்சோம்ங்கறாங்க. முன்னுணர்த்தல் (பின்னாடி வரப்போறத முன்னாடியே லேசா காட்டறது), குறியீடு, முரண்னு உத்திங்க பேரெல்லாம் தெரியும். அதுங்கள கதைக்குள்ள வச்சு ஒருத்தர எழுந்திரிக்க விடாம உக்கார வைக்கறது எப்படி?

பதில் 1 (பென்னாகரம்)

தம்பி, நம்ம பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவுல விடிய விடிய பாரதக்கூத்து பாத்திருப்பீங்கல்ல. துரியோதனன் படுகளத்துல சாவான்னு அங்க உக்காந்திருக்கற சின்னப் புள்ளைக்குக் கூட தெரியும், அடி தொடையிலதான் விழும்னும் தெரியும், ஆனா தரையில மண்ணால செஞ்சு படுக்க வச்சிருக்கற துரியோதனன் உருவத்த சுத்தி பீமன் வேஷக்காரர் ஓடறப்போ ஒருத்தரும் அசையறதில்ல. முடிவு தெரியாததால வர்ற விறுவிறுப்பா அது? முடிவு தெரிஞ்சதாலதான் அந்த ஓட்டம் ஒவ்வொரு சுத்துக்கும் இறுக்குது.

த்ரில்லர் பட டைரக்டர் ஹிட்ச்காக் 1962-ல பிரெஞ்சு டைரக்டர் த்ரூஃபோகிட்ட பேட்டி குடுக்கறப்போ இதையேதான் சொன்னாரு. ரெண்டு பேர் மேஜையில உக்காந்து பேசறாங்க, அடியில குண்டு இருக்கு, நமக்கு தெரியாது, வெடிக்குது. 15 செகண்ட் அதிர்ச்சி. அதே குண்டு இருக்குன்னு நமக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சா அதே சாதாரண பேச்ச 15 நிமிஷம் பதறிக்கிட்டு கேப்போம். நீங்க செஞ்சிருக்கறது அந்த 15 செகண்ட். உங்க ஃப்ரெண்ட்ஸ் போன் பாத்ததுக்கு காரணம், பயப்படறதுக்கு அவங்க கையில நீங்க ஒண்ணுமே குடுக்கல.

பதில் 2 (பாலக்கோடு)

எங்க வீட்ல மூணு தலமொறையா லாரிதான், அதனால இத கொஞ்சம் விரிவாவே சொல்றேன். பிரேக் சும்மா போகாதுங்க. கணவாய்ல எறக்கத்துல டீசல் மிச்சம் புடிக்கறேன்னு சில பேர் கியர எடுத்துட்டு நியூட்ரல்ல விடுவாங்க, அப்ப இன்ஜின் வண்டிய இழுத்துப் புடிக்காது, மொத்த வெயிட்டும் பிரேக் மேல வந்துரும், மிதிக்க மிதிக்க சக்கரத்தோட சுத்தற பிரேக் டிரம் சூடாயி, அத உரசி நிறுத்தற லைனர் புடிப்பு விட்டுரும். அந்த கருகின வாசனை ஒண்ணு வரும். இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டா இன்னும் மோசம், லாரி பிரேக் காத்தழுத்தத்துலதான் வேலை செய்யும், கம்ப்ரசர் காத்து ஏத்தாது, அந்த அழுத்தத்த காட்டற ஏர் கேஜ் முள்ளு ஒவ்வொரு மிதிக்கும் எறங்கும்.

இதுல உங்களுக்கு வேணுங்கற முன்னுணர்த்தல் எல்லாமே இருக்கு. மொத பக்கத்துல ஓனர் டீசல் கணக்கு கேக்கட்டும், போன ட்ரிப்ல ஏன் இவ்ளோ ஆச்சுன்னு. தர்மபுரி தாண்டறதுக்கு முன்ன ஒரு சின்ன எறக்கத்துல டிரைவர் நியூட்ரல் போட்டு பாக்கட்டும், ஒண்ணும் ஆகல, அவருக்கு ஒரு சந்தோஷம். இத படிக்கற எங்க ஊர்க்காரனுக்கு அங்கயே வயித்த கலக்கும். பாளையம் டோல்கேட்ல டீ குடிக்கறப்போ அந்த வாசனை லேசா வரட்டும், பக்கத்து வண்டியிலேருந்துன்னு நெனச்சுக்கட்டும். 1889-ல ரஷ்ய எழுத்தாளர் செகாவ் ஒரு லெட்டர்ல சொன்னாரே, சுடப் போறதில்லன்னா குண்டு போட்ட துப்பாக்கிய மேடையில வைக்காதேன்னு, உங்க துப்பாக்கி அந்த கியர் லீவர்தான்.

கேள்வி கேட்டவர்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஆனா இவ்ளோ சொல்லிட்டா எல்லாரும் முடிவ யூகிச்சுருவாங்களே, அப்புறம் கடைசி பக்கம் எதுக்கு?

பதில் 3 (அரூர்)

எல்லாத்தையும் சொல்லணும்னு இல்ல, இதுல மட்டும் நான் முதல் பதில்லேருந்து கொஞ்சம் வேறுபடறேன். என்ன ஆபத்துன்னு சொல்லிடுங்க, அது எப்படி முடியும்ங்கறத வச்சுக்கங்க. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1843-ல எழுதின 'தி டெல்-டேல் ஹார்ட்'ங்கற அந்த இதயத்துடிப்பு கதையில, கிழவன கொல்ல முடிவு பண்ணேன்னு கதைசொல்லி ஆரம்பத்துலயே ஒத்துக்கறான். ஆனாலும் எட்டு ராத்திரி அவன் கதவ மெதுவா தெறந்து லாந்தர் வெளிச்சத்த ஒரு கீத்து மட்டும் விடறத படிக்கறப்போ மூச்சு முட்டுது. அதுக்கு மேல, தனக்கு பைத்தியம் இல்லன்னு அவனே திரும்ப திரும்ப சொல்றதால அவன நம்ப முடியாம வர்ற பயம் வேற.

நடையிலயும் கவனம் வைங்க. ஆபத்து தூரத்துல இருக்கறப்போ வாக்கியம் நீளமா போகட்டும், டீ, சில்லறை, வீட்டுக்கு போன், எல்லாம் வரட்டும். கணவாய்ல கட்டமேடுங்கற எடம் தாண்டினதும் சுருக்குங்க. தமிழ்ல வினை கடைசியிலதானே வருது, அதையே பயன்படுத்தலாம்: "கால் முழுசா அழுத்தியும், மறுபடி எடுத்து அழுத்தியும், முன்னாடி போற டேங்கரோட செவப்பு விளக்கு பெருசாகிட்டே" வரைக்கும் என்ன ஆச்சுன்னு தெரியாது, வாக்கியத்துக்குள்ளயே ஒரு காத்திருப்பு இருக்கு. அப்புறம் தயவுசெஞ்சு "திடீரென்று" எங்க இருந்தாலும் எடுத்துருங்க. அந்த வார்த்த வந்த எடத்துலல்லாம் முன்னாடி போட வேண்டிய அஸ்திவாரம் போடலன்னு அர்த்தம்.

கேள்வி கேட்டவர்

இப்ப புரியுது. டீசல் கணக்கு சீன இன்னிக்கே எழுதறேன். ஒரே ஒரு சந்தேகம், கிளீனர் பையன் ஒருத்தன் இருக்கான் கதையில, கணவாய்ல அவன் முழிச்சிருக்கணுமா தூங்கணுமா? முழிச்சிருந்தா ரெண்டு பேரும் பேசிக்கலாம்.

பதில் 2 (பாலக்கோடு)

தூங்கட்டும்ங்க. பேச ஆரம்பிச்சா டிரைவர் தன் பயத்த வாயால சொல்லிருவாரு, நமக்கு வேலையே இல்லாம போயிரும். தூங்கறான்னா கணவாய்ல இருக்கற இரட்டைப் பாலம் வர்ற வரைக்கும் படிக்கறவங்கதான் அவன எழுப்பணும்னு துடிப்பாங்க. டிரைவர் கை ஒருதடவ அவன் பக்கம் போயிட்டு, கியர் போட வேண்டியிருந்ததால திரும்பி வரட்டும். அந்த நேரத்துல கியர் விழாது, அது லாரி ஓட்டினவங்களுக்கு தெரியும், மத்தவங்களுக்கு அந்த கரகர சத்தத்த நீங்க எழுதிக் காட்டணும்.