திருப்புமுனை ஸ்டாலின்கிராடா, மாஸ்கோவா?

கேள்வி

இரண்டாம் உலகப் போரின் போக்கை மாற்றிய சண்டை எது என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் ஸ்டாலின்கிராட் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் கிழக்குப் போர்முனையின் வரலாற்றைக் கால வரிசைப்படி படித்துக்கொண்டு வந்தபோது ஓர் ஐயம் எழுந்தது. 1941 ஜூன் 22 அன்று சோவியத் எல்லையைத் தாண்டிய ஜெர்மனி, குளிர்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தது. டிசம்பர் 5, 6 தேதிகளில் மாஸ்கோவுக்கு முன்னால் சோவியத் செஞ்சேனை எதிர்த்தாக்குதலைத் தொடங்கியபோதே அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது. அப்படியானால் திருப்புமுனை மாஸ்கோதானே? ஸ்டாலின்கிராடுக்கு ஏன் இவ்வளவு பெயர்? 1943 கோடையில் நடந்த குர்ஸ்க் சண்டையை எந்த இடத்தில் வைப்பது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1

உங்கள் ஐயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மாஸ்கோவில் ஜெர்மனி இழந்தது குறுகிய காலப் போர் என்ற நினைப்பை. அதே வாரத்தில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதும், டிசம்பர் 11 அன்று ஹிட்லர் அமெரிக்கா மீதும் போர் அறிவித்ததும் அந்த இழப்பின் கனத்தைப் பன்மடங்கு கூட்டிவிட்டன.

இருந்தாலும் 1942 கோடையில் எங்கே அடிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை ஜெர்மனியின் கையில்தான் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. முந்தைய ஆண்டில் மூன்று திசைகளில் பாய்ந்த படை இப்போது தெற்கே மட்டும்தான் நகர முடிந்தது. அங்கும் ஜூலை 23 அன்று ஹிட்லர் அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை எண்ணெய்க்காகக் காக்கேசியாவுக்கும் மறுபாதியை வோல்கா நதிக்கரைக்கும் அனுப்பினார். மைக்கோப் எண்ணெய் வயல்கள் ஆகஸ்டில் கைக்கு வந்தபோது சோவியத் தரப்பு கிணறுகளை நாசமாக்கிவிட்டுப் போயிருந்தது. தொடக்கத்தில் எண்ணெய்ப் படையெடுப்புக்குப் பக்கக் காவலாக மட்டுமே கருதப்பட்ட, வோல்காக் கரையிலிருந்த ஸ்டாலின்கிராட், தெருத்தெருவாகச் சண்டை நீண்டதில் மேலும் மேலும் படைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

நகருக்கு இரு பக்கமும் இருந்த நீண்ட வரிசைகளை ஜெர்மனியின் கூட்டாளியான ருமேனியாவின் படைகள் காத்தன. அவர்களிடம் கனமான டாங்கி எதிர்ப்பு பீரங்கிகள் போதிய அளவில் இல்லை. அவர்களுக்குப் பின்னால் நிறுத்தப்பட்டிருந்த ஜெர்மானிய டாங்கிப் பிரிவு ஒன்றில், வைக்கோல் போட்டு மூடி வைத்திருந்த டாங்கிகளுக்குள் எலிகள் புகுந்து மின்கம்பிகளைக் கடித்துவிட்டதால் பல வண்டிகள் கிளம்பவே இல்லை. (வைக்கோற்போரைப் பார்த்தவர் எவருக்கும் இது வியப்பாக இராது.) நவம்பர் 19 அன்று சோவியத் தாக்குதல் தொடங்கியது. 22 அன்று விடியற்காலையில் ஒரு சோவியத் அணி முகப்பு விளக்குகளை எரியவிட்டபடியே கலாச் அருகிலிருந்த தோன் ஆற்றுப் பாலத்துக்கு வண்டிகளை ஓட்டிச் சென்றது. தங்கள் ஆட்கள்தாம் என்று காவலர்கள் நினைத்துவிட்டார்கள், பாலம் கைமாறியது. 23 அன்று ஜெர்மானியரைச் சுற்றி வளையம் மூடிக்கொண்டது.

பதில் 2

நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே என் கண் தண்டவாளத்தின் மேல்தான் போகும். தளபதிகளின் பெயரைச் சொல்பவர்கள் பாதை அகலத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஜெர்மனியில் 1435 மில்லிமீட்டர், சோவியத் நாட்டில் 1524. மரக்கட்டைகள் மேல் போட்ட பாதை என்பதால் ஒரு பக்கத் தண்டவாளத்தை 89 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஆணியடித்துவிடலாம். அது பெரிய வித்தை இல்லை. அடுத்தடுத்த தொல்லைகள்தாம் பெரியவை. சோவியத் எஞ்சின்கள் அதிகத் தண்ணீர் சுமப்பவை என்பதால் தண்ணீர் பிடிக்கும் நிலையங்கள் வெகு தூரத்துக்கு ஒன்றாக இருந்தன, சிறிய ஜெர்மானிய எஞ்சின்களுக்கு அந்த இடைவெளி ஒத்துவரவில்லை. குளிர் வந்ததும் அவற்றின் வெளிப்புறக் குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடித்தது.

மீட்டர் கேஜும் அகலப்பாதையும் சந்தித்த நிலையங்களில் ஒரு வேகனிலிருந்து மறு வேகனுக்கு மூட்டை மாற்றிய காட்சியைப் பார்த்தவர்களுக்குப் புரியும்: அங்கே அரை நாள் தாமதம் என்றால் வரிசை முழுவதும் பின்னால் தேங்கும். மாஸ்கோவுக்கு முன்னால் சிப்பாய்கள் கோடை உடுப்பில் நடுங்கியபோது குளிர்கால உடைகள் போலந்தில் தேங்கிக் கிடந்தன. வெடிமருந்தா, எரிபொருளா, கம்பளியா என்ற கேள்வியில் கம்பளி தோற்றது.

ஸ்டாலின்கிராடிலும் இதே கதைதான், ரயிலுக்குப் பதில் விமானம். வளையத்துக்குள் சிக்கிய ஜெர்மானிய ஆறாவது படைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் தேவைப்பட்டது. ஜெர்மானிய விமானப்படைத் தலைவர் கோரிங் முடியும் என்று வாக்குக் கொடுத்தார். சராசரியாகப் போய்ச் சேர்ந்ததோ அதில் பாதிக்கும் குறைவு. சிப்பாய்கள் குதிரைகளை அடித்துத் தின்றார்கள். 1943 ஜனவரி 16 அன்று வளையத்துக்குள் இருந்த பிடோம்னிக் விமானத்தளமும் பறிபோனது.

கேட்டவர்

நன்றி, ஐயா. பாதை அகலத்தைப் பற்றி நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. குர்ஸ்க்கைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே?

பதில் 3

குர்ஸ்க்கை நான் திருப்புமுனை என்று சொல்ல மாட்டேன். புதிய பாந்தர் டாங்கிகளுக்காக ஹிட்லர் தாக்குதலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த மாதங்களில், எதிரி எங்கே வருவான் என்று அறிந்திருந்த சோவியத் தரப்பு வரிசை வரிசையாகப் பதுங்குகுழிகளும் கண்ணிவெடிகளும் அமைத்துக் காத்திருந்தது. 1943 ஜூலை 5 அன்று தொடங்கிய தாக்குதல் ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. ஜூலை 12 அன்று புரோகோரோவ்காவில் நடந்த டாங்கிச் சண்டையில் சோவியத் தரப்புதான் மிக அதிக டாங்கிகளை இழந்தது. நெடுங்காலம் சொல்லப்பட்ட கதையோ ஜெர்மனிதான் அங்கே அதிகம் இழந்தது என்பது. இரண்டு நாள் முன்பு நேச நாடுகள் சிசிலியில் இறங்கியிருந்ததும் ஹிட்லரின் கையைக் கட்டியது. அதன்பின் கிழக்கே பெருந்தாக்குதல் எதையும் ஜெர்மனியால் தொடுக்க முடியவில்லை. ஆனால் அந்த வலிமை அதற்கு முன்பே வடிந்துவிட்டது என்பது என் கருத்து.

ஸ்டாலின்கிராடின் பெயருக்குக் காரணம் எளியது. மாஸ்கோவில் ஜெர்மானியப் படை பின்வாங்கியது, ஆனால் படையாகவே இருந்தது. ஸ்டாலின்கிராடில் ஒரு படை முழுவதுமே இல்லாமல் போயிற்று. ஜெர்மானிய ஃபீல்டு மார்ஷல் எவரும் சரணடைந்ததில்லை என்பதை நினைவூட்டுவதுபோல் 1943 ஜனவரி 30 அன்று ஆறாவது படையின் தளபதி பவுலஸுக்கு அந்தப் பதவியை ஹிட்லர் அளித்தார். மறுநாளே அவர் பிடிபட்டார். கைதானவர்கள் ஏறத்தாழ 91,000 பேர். ஜெர்மன் வானொலி தோல்வியை மறைக்க வழியின்றி அறிவித்தது, மூன்று நாள் துக்கம் அனுசரிக்கப்பட்டது. கைதானவர்களில் ஏறக்குறைய 6,000 பேர்தான் ஊர் திரும்பினார்கள், அவர்களில் கடைசியாக வந்தவர்கள் 1955ல்.