நாலாவது மோட்டார் கேட்ட மைனஸ்

ஆறு மோட்டார் ட்ரோனில் ஒன்று நின்றாலும் மீதி ஐந்து தாங்கிவிடும் என்று நம்பித்தான் அதைக் கட்டினோம். பழுதைக் கண்டுபிடித்து, மீதி மோட்டார்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பகுதியை எழுதியது நான். மோட்டார்களை வைத்து எல்லா அசைவையும் கட்டுப்படுத்த முடியுமா என்று சொல்லும் கணக்கான ரேங்க் பார்த்தேன், சரி. ஐகன் மதிப்புகள் எல்லாம் இடப்பக்கம், அதாவது குலுங்கினாலும் தானே அடங்கிவிடும், அதுவும் சரி. சிமுலேஷனில் எந்த மோட்டாரை நிறுத்தினாலும் லேசாகக் குலுங்கி நிமிர்ந்துகொண்டது.

காய்ந்த கண்மாய்க்குள் கயிறு கட்டிப் பறக்கவிட்டு, முன்னாலிருந்த முதல் மோட்டாரை நிறுத்தினோம். சில நொடி நன்றாகவே நின்றது. கூட இருந்த தம்பி கைகூடத் தட்டிவிட்டான். அப்புறம் ஒரு சின்னக் காற்று. மூக்கு தாழ்ந்தது, உடம்பு சுற்றியது, கயிற்றையும் சுருட்டிக்கொண்டு கீழே விழுந்தது.

பறந்தபோது பதிவான லாக் ஃபைலைத் திறந்தால், நேர் எதிரே பின்னாலிருந்த நாலாவது மோட்டாரிடம் கன்ட்ரோலர் மைனஸ் விசை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த மோட்டார் தலைகீழாகச் சுற்றாது. அதற்குக் கீழ் வரம்பு பூஜ்யம். அந்த வரம்பை நான் சிமுலேஷனில் போடவே இல்லை. போதாக்குறைக்கு, கிடைக்காத விசைக்காக, கன்ட்ரோலரில் பிழையைக் கூட்டிக் கூட்டி வைக்கும் பகுதியான இன்டக்ரேட்டர் பிழையைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது.

அன்று ராத்திரி பேப்பரில் போட்டுப் பார்த்தேன். வலம், இடம் என்று மாறி மாறிச் சுற்றும் ஆறு மோட்டார். ஒன்று போனபின் சாயாமலும் சுற்றாமலும் நிற்க, எதிர் மோட்டாரின் விசை சரியாகப் பூஜ்யமாக இருக்க வேண்டும். மற்ற நான்கும் ஆளுக்குக் கால் பங்கு எடை, அதாவது முன்பு சுமந்ததைப் போல ஒன்றரை மடங்கு. நிற்கும் நிலை இருக்கிறது, ஆனால் வரம்பின் விளிம்பில். மூக்கு தாழ்ந்தால் பின்பக்க விசையைக் குறைக்க இடமில்லை. மற்ற நான்கை வைத்துத் தூக்கினால் உடம்பு சுற்றும். ரேங்குக்கு இதெல்லாம் தெரியாது, அது மைனஸையும் விசையாகவே எண்ணும். பெரிய மோட்டார் போட்டாலும் பயனில்லை, இடிப்பது கீழ் வரம்பு. நானோ பெரிய மோட்டாருக்கு விலைகூடக் கேட்டு வைத்திருந்தேன்!

கடைசியில், பழுது வந்தால் மூக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் கைவிட்டு, சுற்றிக்கொண்டே இறங்கட்டும் என்று விட்டோம். கயிற்றில் அது வேலை செய்தது. வரம்புகளைப் போட்டு, வெவ்வேறு சாய்வுகளில் தொடங்கி, எதுவரை மீள்கிறது என்று வரைந்து பார்ப்பதும் அப்போது தொடங்கியதுதான். விசை எவ்வளவு வேகமாக மாற முடியும் என்ற வரம்பையும் போடுங்கள். 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் மேல் கிரிப்பன் விமானம் விழுந்தபோது சிக்கலானது அந்த வகை வரம்பில்தான்: விமானி கேட்ட வேகத்துக்குக் கட்டுப்பாட்டுத் தகடுகளால் நகர முடியவில்லை.

அடுத்து கட்டும் ட்ரோன் சட்டகத்தில் (ஃப்ரேம்) மோட்டார்களின் சுழற்சி வரிசையை வலம், வலம், இடம், இடம், வலம், இடம் என்று மாற்றியிருக்கிறோம். முதல் நான்கில் எது போனாலும் நிற்கும் நிலை விளிம்பிலிருந்து உள்ளே வருகிறது. ஐந்தோ ஆறோ போனால் பழைய கதைதான். இந்த வரிசையில் ஐந்தாவது மோட்டாரை நிறுத்திப் பறக்கவிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?