இணைய இணைப்பு செத்தது என் பைத்தான் நிரலுக்குத் தெரியவில்லை, உதவுங்கள்

வணக்கம். நான் இருப்பது கம்பம். மலைக்கு மேலே குமுளிப் பக்கம் மாமாவுக்கு ஏலக்காய் ஸ்டோர் இருக்கிறது. காய் உலர்த்தும் அறையின் வெப்பத்தை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்று, சிம் கார்டு இணையம் வழியாக வாடகை சர்வருக்கு அனுப்புகிறது. மழைமேகம் இறங்கினால் சிக்னல் போய்விடும். நிரலோ இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

முதலில், இணைப்பின் அமைப்புகளை மாற்றும் செட்சாக்ஆப்ட் கட்டளை மூலம் எஸ்ஓ_கீப்அலைவ் போட்டேன்; சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் வசதி அது. அமைப்பைப் படிக்கும் கெட்சாக்ஆப்ட்டில் திரும்பப் பார்த்தால் 1, அதாவது இயங்குகிறது என்று வருகிறது, சரி. ஆனால் அந்தக் கணினியில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில் முதல் சோதனை போகவே 7200 விநாடி ஆகுமாம். இரண்டு மணி நேரத்தில் காய் கருகிப்போகும், மாமா என்னைச் சும்மா விடுவாரா! அதனால் டிசிபி_கீப்ஐடில் (முதல் சோதனைக்கு முன் காத்திருப்பு) 60 விநாடி, டிசிபி_கீப்இன்டர்வல் (சோதனைகளுக்கு இடைவெளி) 10 விநாடி, டிசிபி_கீப்கவுன்ட் (பதில் வராத எத்தனை சோதனைக்குப் பின் கைவிடுவது) 5 என்று மாற்றினேன். சும்மா கிடக்கும் இணைப்பு அறுந்தால் இப்போது இரண்டு நிமிடத்துக்குள் தெரிந்துவிடுகிறது.

சிக்கல் வேறு இடத்தில். அனுப்பிய தரவுக்குப் பதில் வராமல் நிற்கும்போது கீப்அலைவ் வேலை செய்வதில்லை. லினக்ஸ் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்து, கால் மணி நேரம் கழித்துத்தான் கைவிடுகிறது. இதற்கு, பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்து கைவிடுவது என்று சொல்லும் டிசிபி_யூசர்_டைம்அவுட் இருக்கிறது, மில்லிவிநாடியில் கொடுக்க வேண்டும் என்று படித்தேன்.

என் கேள்வி இதுதான்: 30000 கொடுத்தால் மலைச் சிக்னலுக்கு அது ரொம்பக் குறைவா? இந்த மதிப்பு கீப்கவுன்ட்டையும் மீறிவிடும் என்கிறார்களே, அப்படியானால் இரண்டையும் எப்படிப் பொருத்துவது? மொபைல் இணையத்தில் செய்து பார்த்தவர்கள் உங்கள் எண்களைச் சொல்லுங்களேன்.

அப்புறம் ஒரு சின்னச் சந்தேகம் தீர்ந்தது. வரும் தரவைத் தேக்கிவைக்கும் நினைவகத்தின் அளவைச் சொல்லும் எஸ்ஓ_ஆர்சிவ்பஃப்புக்கு 8192 கொடுத்துத் திரும்பப் படித்தால் 16384 என்று வருகிறது. பிழை இல்லையாம், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலே இரட்டிப்பாக்கி வைத்துக்கொள்கிறது. அதற்கே ஒரு ராத்திரி போனது.