ஸ்விஃப்ட்டில் ஸ்பேசர்: ஆறு சுற்று மரை போதுமா?

வணக்கம், மன்னார்குடியில் இருந்து எழுதுகிறேன். 2014 ஸ்விஃப்ட்டுக்கு 15 அங்குல அலாய் வீல் வாங்கினேன். கையால் சுற்றினாலே உள்பக்கம் ஸ்ட்ரட்டில் (சஸ்பென்ஷன் தூணில்) உரசி, பெயிண்ட் ஒரு கோடாகப் போய்விட்டது. கடையில், ரிம்மைக் கொஞ்சம் வெளியே தள்ள அதற்கும் ஹப்புக்கும் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) இடையில் வைக்கும் தட்டையான வளையமான ஸ்பேசரை, 5 மில்லிமீட்டரில் கொடுத்து, "ஒண்ணும் ஆகாது தம்பி" என்றார்கள்.

மனசு கேட்காமல் ஜாக்கி போட்டு எண்ணிப் பார்த்தேன். ஸ்பேசர் இல்லாமல் நட் பத்து சுற்று ஏறுகிறது, வைத்தால் ஆறுதான். ஸ்டட் (நட் ஏறும் மரைக் கம்பி) 12 மில்லிமீட்டர் கனம், மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஸ்டட்டின் கனம் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும், அதற்கே பத்து சுற்று வேண்டியிருக்கிறது. அப்புறம், ஹப் நடுவில் துருத்தியிருக்கும் வளையத்தையும் ஸ்பேசர் மூடிவிடுகிறது. ரிம் நடுவில் உட்கார நட்டை மட்டும்தான் நம்பியிருக்கிறது.

வாராவாரம் அம்மாவை வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற வண்டி இது. பயமாக இருக்கிறது.

நீளமான ஸ்டட்டைச் சரியாகப் பிரஸ் செய்து, 54.1 மில்லிமீட்டர் ஹப்புக்குக் கச்சிதமான ஸ்பேசர் போடும் மெக்கானிக் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் யாராவது இருக்கிறார்களா? இல்லை, ரிம்மையே விற்றுவிட்டுச் சரியான ஆஃப்செட்டில் (ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே உட்காரும் என்ற அளவு) வாங்குவதுதான் நல்லதா? போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள். அதுவரை பழைய ஸ்டீல் வீல்தான்.