1862 வெள்ளி ரூபாய்: அசல்தானா, என்ன விலை பெறும்?

கேள்வி: தேவகோட்டைப் பெண்

வணக்கம். எங்கள் அப்பத்தா போன தை மாதம் தவறிவிட்டார்கள். அவர்களுடைய தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு வெள்ளி ரூபாய் இருந்தது. ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராணி, ஆங்கிலத்தில் 'விக்டோரியா குயின்'. மறுபக்கம் பூ வேலைக்கு நடுவில் 'ஒன் ருப்பி இந்தியா 1862'. கிரீடத்துக்கு மேலே விளிம்பில் வளையம் பற்றவைத்த தடம் இருக்கிறது. அப்பத்தாவின் பாட்டி 1862இல் கல்யாணமானபோது கழுத்தில் போட்ட காசு என்று வீட்டில் சொல்வார்கள்.

நகைக்கடையில் எடை போட்டுப் பார்த்து, வெள்ளி விலைதான் தர முடியும் என்றார்கள். யூடியூபில் ஒருவர் இதே காசுக்குப் பத்து லட்சம் தருவதாகச் சொல்கிறார். போனில் பேசினால், பதிவுக் கட்டணம் முதலில் அனுப்பச் சொல்கிறார். எதை நம்புவது? சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, ஊருக்கு வரும்போது எடுத்துப் போய் அங்கே விற்றுத் தருகிறேன் என்கிறான். காசு கறுத்துக் கிடக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில் 1: பழைய காசுக்காரர்

தங்கச்சி, முதலில் புளியைத் தொடாதீர்கள். திருநீறும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். அந்தக் கறுப்பு வெள்ளியின் மேல் காலம் போட்ட பூச்சு. சேகரிப்பவர்கள் அதைத்தான் தேடுவார்கள். ஒருமுறை தேய்த்துவிட்டால் அந்தத் தோல் திரும்ப வராது. முப்பது வருடமாகக் காசு சேர்க்கிறேன். நல்ல காசுகள் பளபளவென்று பாழாகி வந்ததைப் பார்த்து எத்தனையோ முறை வருத்தப்பட்டிருக்கிறேன்.

இப்போது அடையாளம். 'குயின்' என்று இருப்பதால் 1877க்கு முந்தைய வகை. அந்த ஆண்டிலிருந்து 'எம்பிரஸ்' என்று மாற்றிவிட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி பெயர் இல்லாமல் ராணி அரசு வெளியிட்ட முதல் ரூபாய் இந்த 1862தான். ஆனால் ஒரு விஷயம்: 1862 என்ற ஆண்டை மாற்றாமலே 1874 வரை அச்சடித்தார்கள். அதனால் உங்கள் காசு உண்மையில் 1870வாக்கில் பிறந்ததாகவும் இருக்கலாம். லென்ஸ் வைத்து, ஆண்டுக்குக் கீழே சின்னப் புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். பம்பாய் நாணயச்சாலையில் பிந்தைய அச்சுகளுக்குப் புள்ளி வைத்தார்கள். சில புள்ளிக் கணக்குக்குச் சேகரிப்பவர்களிடம் தனி மதிப்பு உண்டு.

அசலா என்று பார்க்க எடை முக்கியம். புதுக் காசு 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் வெள்ளி 91.7 சதவீதம், சுமார் 10.69 கிராம். அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் வருவது அடிமட்ட விலை. அதற்குக் கீழே யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மேலே எவ்வளவு என்பது தேய்மானத்தையும் வகையையும் பொறுத்தது. வயதால் மட்டும் விலை ஏறாது. 1939 ரூபாய் இதைவிட 77 வருடம் இளையது. ஆனால் மிகக் குறைவாகவே வெளியே வந்தது, அதனால் விலை பல மடங்கு. 1862 ரூபாயோ கோடிக்கணக்கில் புழங்கியது. உங்கள் காசில் வளையம் பற்றவைத்த தடம் வேறு இருக்கிறது, அது விலையைக் குறைக்கும். பத்து லட்சமெல்லாம் கிடையாது. தயவுசெய்து ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

பதில் 2: மதுரைத் தம்பி

அண்ணன் சொல்வது சரி. பழைய காசு, நோட்டு வாங்குகிறோம் என்று கட்டணம், கமிஷன் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. தங்கள் பெயரை அதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்றும் சொன்னது.

சிங்கப்பூர் யோசனையும் வேண்டாம் அக்கா. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

பதில் 3: பத்தர் வீட்டு மருமகள்

உரைகல்லில் உரசவோ ஓரத்தைச் சுரண்டவோ விடாதீர்கள். எங்கள் மாமனார் செய்யும் முறை இது. கிராமில் இரண்டு தசமம் காட்டும் சின்னத் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக அமிழ்த்துங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். இந்த வெள்ளிக்கு 10.3 பக்கத்தில் வர வேண்டும். பித்தளையோ ஈயமோ கலந்த போலி என்றால் வேறு எண் வரும். நனைந்த காசைத் துடைக்காமல் மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள்.

தேவகோட்டைப் பெண்

எல்லோருக்கும் நன்றி. எடை 11.52. தண்ணீரில் 1.12 காட்டியது. வகுத்தால் 10.29. லென்ஸில் 1862க்குக் கீழே இரண்டு புள்ளி தெரிகிறது. அப்படியென்றால் அந்தக் கல்யாணம் 1862இல் நடக்கவில்லையா?

பழைய காசுக்காரர்

எடையும், வகுத்து வந்த அடர்த்தியும் சரியாக இருக்கிறது, அசல் காசாகவே தெரிகிறது. தேய்ந்த எடைதான் குறைகிறது. புள்ளி இருப்பதால் காசு 1862க்குப் பிறகு அச்சானது. கல்யாணம் அந்த வருடமே நடந்து, காசு பின்னால் மாலையில் ஏறியிருக்கலாம். இல்லை, காசில் இருந்த ஆண்டையே வீட்டில் கல்யாண வருடமாகச் சொல்லி வந்திருக்கலாம். புள்ளிகள் தெரியும்படி பகல் வெளிச்சத்தில், சாய்வாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள் தங்கச்சி. பற்றுத் தடத்தையும் சேர்த்து எடுங்கள்.