கேபிள் மாத்துன பிறகு கியர் தானா தாவுது, பின் பிரேக் பஞ்சு மாதிரி இருக்கு – உதவி வேணும்

மணவாளக்குறிச்சி_ரைடர்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்க வண்டி செகண்ட் ஹேண்ட்ல வாங்குன ரோடு பைக் (ரேஸ் மாதிரி சைக்கிள்), சிமானோ கம்பெனியோட பழைய கிளாரிஸ் 8 ஸ்பீடு கியர், கேபிள் ஷிஃப்டர் (கியர் மாத்துற லிவர்) சைடுல வெளிய தொங்குமே அந்த மாடல், சாதா காலிப்பர் பிரேக் (ரிம்ம ரெண்டு பக்கமும் பிடிக்கது). காலையில முட்டம், குளச்சல்னு கடலோரமாத்தான் ஓட்டுகேன், அதனால இன்னர் வயர் எல்லாம் துரு ஏறி கியர் மாத்தவே கட்டைவிரல் வலிக்கும். சரின்னு டவுண்ல ஒரு கடையில குடுத்து பிரேக், கியர் எல்லா கேபிளும் அவுட்டரோட (வெளி உறை) புதுசா மாத்தியாச்சு. இப்பம் பழசே தேவலாம்போல இருக்கு. நேரா போனா ஒருமாதிரி ஓடுது, ஆனா வளைவுல ஹேண்டில திருப்புனா செயின் பக்கத்து பல்லுல (பின் சக்கரத்துல உள்ள பல்சக்கரம்) ஏறப்பாக்குது, ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிச்சா டக்குன்னு தாவுது. முன் பிரேக் நல்லா பிடிக்குது, பின் பிரேக் லிவர் ஹேண்டில் வரைக்கும் வருது. கடைக்காரர கேட்டா புது கேபிள் அப்பிடித்தான் இழுபடும், ஓட்ட ஓட்ட சரியாகும்னு சொல்லுகாரு. பேசாம ஜாக்வயர் கம்பெனி கேபிள் ஃபுல் செட் ஆன்லைன்ல வாங்கி மாட்டிரட்டா? காசுக்கு பலன் இருக்குமா?

தக்கலை_பெடல்:
தம்பி அவ்ளோ யோசிக்காண்டாம். பின் டெரெய்லர்ல (செயின பல்லுக்கு பல்லு தள்ளுற பாகம்) பேரல் அட்ஜஸ்டர், அதான் கேபிள் இழுப்ப கூட்டிக் குறைக்குற திருகு, இருக்கும், பெரிய பல்லுக்கு ஏற தயங்குனா இடப்பக்கமா அரை சுத்து, இறங்க தயங்குனா வலப்பக்கமா அரை சுத்து. கேபிளுக்குள்ள கொஞ்சம் எண்ணெய் விடு. முடிஞ்சுது.

மணவாளக்குறிச்சி_ரைடர்:
அண்ணே அது செஞ்சு பாத்தாச்சு. நேரா நிக்கும்போ சரியா வருகு, ஹேண்டில திருப்புனா போயிருது.

ஆரல்_காத்து:
ஹேண்டில திருப்புனா மாறுதுன்னா அட்ஜஸ்டர் வேலை இல்ல மக்கா. ரெண்டு விஷயம் பாத்து சொல்லு. ஒண்ணு, பின் சக்கரத்த தூக்கிட்டு கையால பெடல சுத்திக்கிட்டே ஹேண்டில இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருப்பு, டெரெய்லர் அசையுதான்னு பாரு. ரெண்டாவது, கியர் அவுட்டரோட வெட்டுன முனைய பாரு. உள்ள கம்பி சுருள் சுருளா சுத்தியிருக்கா, இல்ல மெல்லிசு கம்பிங்க நீளவாக்குல வரிசையா நிக்குதா? தடிமனும் சொல்லு.

மணவாளக்குறிச்சி_ரைடர்:
திருப்புனா டெரெய்லர் நல்லாவே அசையுது அண்ணே. அவுட்டர் பிரேக்குக்கும் கியருக்கும் ஒரே கருப்பு, ஒரே தடிமன், ஸ்கேல் வச்சு பாத்தா 5 மிமீ இருக்கும். உள்ள சுருள்தான். முனையில மூடி ஒண்ணும் இல்ல, அப்பிடியே பிரேம்ல சொருகியிருக்கு.

ஆரல்_காத்து:
நெனச்சேன். உனக்கு போட்டது பிரேக் அவுட்டர். அதே ரோல்ல இருந்து கியருக்கும் வெட்டி மாட்டிட்டாரு, கியர் இல்லாத வண்டிய மட்டும் பாக்குற கடைகள்ல இது நடக்கும், பார்வைக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.

சுருள் அவுட்டர் பேனா ஸ்பிரிங் மாதிரிதான், அமுக்குனா கொஞ்சம் சுருங்கும், வளைச்சா வெளிப்பக்கம் சுருளுக்கு இடையில கேப் விழும், அப்பம் அவுட்டரோட நீளமே மாறிரும். பிரேக்குக்கு அது பெரிசா பாதிக்காது. கியருக்கு பாதிக்கும், ஏன்னா சிமானோ 8 ஸ்பீடுல ஒரு கிளிக்குக்கு கேபிள் இழுபடுறதே 2.8 மிமீதான், அத டெரெய்லர் 1.7 மடங்காக்கி ஒரு பல்லுல இருந்து அடுத்த பல்லுக்கு உள்ள 4.8 மிமீ தூரத்த கடக்குது. நீ ஹேண்டில திருப்பும்போ அவுட்டர் நீளம் 1 மிமீ மாறுனாலே செயின் மூணுல ஒரு பங்கு தூரம் நகந்துரும். உனக்க மாடல்ல ஷிஃப்டர்ல இருந்து பிரேமுக்கு பெரிய வளைவா தொங்குகு, அதனால எஃபெக்ட் இன்னும் ஜாஸ்தி. நின்னு மிதிக்கும்போ ஹேண்டில் ஆடுதுல்ல, தாவுறதும் அதனாலதான் இருக்கும்.

கியர் அவுட்டர் 4 மிமீ, உள்ள கம்பி நீளவாக்குல, அது சுருங்காது. சிமானோ 1984ல கிளிக் வச்சு மாத்துற எஸ்ஐஎஸ் கொண்டு வந்த பிறகுதான் இது அவசியமே ஆச்சு, அதுக்கு முன்ன லிவர கையால நகத்தி தடவித்தான் கியர் போடணும், கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் ஓட்டுறவன் சரி பண்ணிக்கிடுவான்.

மார்த்தாண்டம்_அக்கா:
இதுக்கு மறுபக்கத்தையும் சொல்லிருங்க, அதுதான் ஆபத்து. கியர் அவுட்டர பிரேக்குக்கு எந்தக் காரணம் கொண்டும் போடக்கூடாது. அந்த நீளக் கம்பிங்கள சேத்து பிடிச்சிருக்கது வெளிய உள்ள பிளாஸ்டிக் மட்டும்தான். இறக்கத்துல பிரேக்க அழுத்தி பிடிச்சா பக்கவாட்டுல பிச்சிக்கிட்டு வந்துரும், பிரேக்கே இருக்காது. பிரேக்குக்குன்னே கெவ்லார்ங்குற உறுதியான நார் சுத்துன சுருங்காத அவுட்டர் தனியா வருது, அது வேற.

இன்னரும் வேற வேறதான் தம்பி. பிரேக் 1.6 மிமீ, கியர் 1.2 மிமீ. ரோடு பைக் பிரேக் கேபிள் தலை பேரிக்காய் வடிவத்துல இருக்கும், எம்டிபிக்கு (மலைப்பாதை சைக்கிள்) உருளையா இருக்கும். லிவர அமுக்கிட்டு உள்ள எட்டிப்பாரு, உருளைத் தலைய திணிச்சு வச்சிருந்தா உடனே மாத்து.

மணவாளக்குறிச்சி_ரைடர்:
பாத்தேன் அக்கா, பேரிக்காய்தான், நல்லா உக்காந்திருக்கு. அப்பம் பின் பிரேக் ஏன் பஞ்சா இருக்கு? அதுக்கு சரியான அவுட்டர்தானே?

ஆரல்_காத்து:
அவுட்டர் சரி, வெட்டுனது சரியா இருக்காது. கட்டிங் பிளேயர்ல நறுக்குனா முனை நசுங்கி கோணலா நிக்கும், சுருளோட கடைசி கம்பி ஒண்ணு உள்பக்கமா குத்தும். லிவர் பிடிக்கும்போ முதல்ல அந்தக் கோணல் நிமிருகு, பிறகுதான் காலிப்பருக்கு இழுப்பு போவும். முன் பிரேக்குக்கு அவுட்டர் துண்டு ஒண்ணுதான், பின்னுக்கு ரெண்டு, அதனால முனையும் ஜாஸ்தி. முனைய அரம் வச்சு தட்டையா தேய், உள்ள பிளாஸ்டிக் லைனர் அடைஞ்சிருக்கும், ஊசி வச்சு வட்டமா திறந்து விடு, எண்ட் கேப் (அவுட்டர் முனை மூடி) உக்காருற இடத்துல எல்லாம் போடு. கியர் அவுட்டர நல்ல கேபிள் கட்டர் இல்லாம வெட்டாத, அது நசுங்கிச்சுன்னா அரம் போட்டாலும் தேறாது.

புது கேபிள் இழுபடும்னு சொன்னதுல பாதி உண்மை. கம்பி நீளுறது கொஞ்சம்தான், மீதி அவுட்டரும் எண்ட் கேப்பும் அமர்ந்து உக்காருறது. அதுக்கு வாரக்கணக்கா ஓட்டாண்டாம், மாட்டுன உடனே பிரேம் ஓரமா போற வயர கையால பிடிச்சு நல்லா வெளிய இழு, ஷிஃப்டர கிளிக் பண்ணு, மறுபடி இழு. பிறகு செயின சின்ன பல்லுல கொண்டு வந்து டெரெய்லர்ல வயர பிடிக்கிற போல்ட்ட லூஸ் பண்ணி தொய்வ எடுத்து முறுக்கு. எச், எல் ஸ்க்ரூவ (டெரெய்லர் ரெண்டு ஓரத்தையும் தாண்டாம நிறுத்துறது) தொடாத, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

தக்கலை_பெடல்:
எண்ணெய் விடச் சொன்னது தப்பா அப்பம்?

குளச்சல்_துறை:
கடலோரத்துல ஓட்டுறவனுக்கு தப்புதான் அண்ணே. எண்ணெயில மணல் ஒட்டி மாவு மாதிரி ஆயிரும். லைனர் உள்ள அவுட்டருக்கு ஒண்ணும் விடாண்டாம், சிமானோ எஸ்பி41 மாதிரி அவுட்டருக்குள்ள சிலிக்கான் கிரீஸ் அவனே போட்டுத்தான் தாரான். நான் முனையில எண்ட் கேப்புக்குள்ள மட்டும் துளி கிரீஸ் வைப்பேன், உப்புத்தண்ணி உள்ள போகாம இருக்க.

ரைடர் தம்பி, உனக்க ஃபுல் செட் கேள்விக்கு வாறேன். காசு எங்க போடணும்னா இன்னர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா வாங்கு. சாதா கடையில குடுக்கது துத்தநாகம் பூசுன வயர், நம்ம பக்கம் ஆனி ஆடிச் சாரலும் கடல் காத்தும் சேந்து அடிச்சா அந்தப் பூச்சு சீக்கிரம் போயிரும். கோட்டிங் போட்ட விலை கூடுன வயர் வழுக்கிக்கிட்டு போவும்தான், ஆனா கோட்டிங் உரிஞ்சு பஞ்சு பஞ்சா அவுட்டர் வாய்ல அடையும், எனக்கு அது பிடிக்காது. சாதா ஸ்டெயின்லெஸ், 4 மிமீ நல்ல அவுட்டர், எண்ட் கேப், இன்னர் வயருக்கு நுனி மூடி போதும். இன்னர் ஸ்டெயின்லெஸ்னாலும் அவுட்டர் கம்பி இரும்புதான், வெட்டுன முனையில இருந்துதான் துரு தொடங்கும், அத மறந்துராத.

இன்னொண்ணு, பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு இருக்க இடம்) அடியில கியர் வயர் ரெண்டும் போற பிளாஸ்டிக் கைடு இருக்குல்ல, எல்லாரும் மறக்குற இடம். உப்பும் மணலும் கெட்டியா அடைஞ்சு கெடக்கும். வண்டிய கவுத்திப்போட்டு நல்ல தண்ணியில பிரஷ் வச்சு கழுவு. முட்டம் போயிட்டு வந்தா அன்னைக்கே நல்ல தண்ணி ஊத்திரு.

மார்த்தாண்டம்_அக்கா:
அளவு மட்டும் யோசிச்சு வெட்டு. ஹேண்டில் ரெண்டு பக்கமும் முழுசா திரும்பணும், அவுட்டர் இழுக்கக்கூடாது. பின் டெரெய்லர்கிட்ட உள்ள கடைசி வளைவ குறைச்சிராத, அங்கதான் வயர் அதிகமா திணறும். நீளமா வெட்டுனா பிறகு குறைக்கலாம், குட்டையா போச்சுன்னா அந்தத் துண்டு வீண்.

மணவாளக்குறிச்சி_ரைடர்:
அப்டேட். 4 மிமீ கியர் அவுட்டர், ஸ்டெயின்லெஸ் இன்னர் ரெண்டு, எண்ட் கேப் ஒரு பாக்கெட் ஆன்லைன்ல வரவழைச்சேன், ஃபுல் செட் விலையில பாதி கூட ஆகல்ல. கேபிள் கட்டர் நாகர்கோவில்ல கூட்டுக்காரன்கிட்ட இருந்து. பிரேக் இன்னர் அப்பிடியே விட்டேன், பின் அவுட்டர் முனை மட்டும் கழத்தி தேச்சு கேப் போட்டேன், லிவர் இப்பம் பாதியிலயே கல்லு மாதிரி நிக்குகு. கியர் ஹேண்டில எந்தப்பக்கம் திருப்புனாலும் அசையல்ல, குளச்சல்_துறை அண்ணன் சொன்ன கைடுல இருந்து வந்த மண்ண பாத்து வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு சந்தேகம் மட்டும், ரெண்டாவது பெரிய பல்லுல மட்டும் லேசா கிர்ருன்னு ஒரு சத்தம்.

ஆரல்_காத்து:
அதுக்குத்தான் பேரல் அட்ஜஸ்டர், தக்கலை அண்ணன் சொன்ன மாதிரியே. ஆனா அரை சுத்து வேண்டாம், கால் சுத்து திருப்பிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு. சத்தம் ஜாஸ்தியானா எதிர்ப்பக்கம். எதுக்கும் மசியலைன்னா டெரெய்லர் மாட்டுற காது வளைஞ்சிருக்கலாம், செகண்ட் ஹேண்ட் வண்டின்னு சொன்னேல்ல, பின்னால நின்னு டெரெய்லர்ல உள்ள குட்டிச் சக்கரம் ரெண்டும் கேசட்டுக்கு (பின் பல்சக்கர அடுக்கு) நேரா நிக்குதான்னு பாரு.

மணவாளக்குறிச்சி_ரைடர்:
கால் சுத்துலயே போயிட்டு அண்ணே. காது நேராத்தான் இருக்கு.

தக்கலை_பெடல்:
தம்பி, 4 மிமீ அவுட்டர் மிச்சம் கெடக்கா? எனக்க வண்டியில பின் டெரெய்லர்கிட்ட உள்ள துண்டும் சுருள்தான், இப்பம்தான் போய் பாத்தேன்.

மணவாளக்குறிச்சி_ரைடர்:
ஒரு முழத்துக்கு மேல இருக்கு அண்ணே. ஞாயிறு தக்கலை வழியா குலசேகரம் போறேன், எண்ட் கேப்பும் சேத்து கொண்டு வாறேன். கட்டரையும் எடுத்துட்டு வரணுமா?

தக்கலை_பெடல்:
கொண்டு வா மக்கா.