காரில் ஆம்ப் ஃப்யூஸ் போட்ட நொடியே போகிறது, மாஸ்ஃபெட் மாற்றினால் போதுமா?

திருப்பூர் தையல்:
வணக்கம். காரில் நாலு சேனல் ஆம்ப், கிளாஸ் ஏபி வகை. 1, 2 சேனல்களில் முன் கதவு ஸ்பீக்கர்கள். 3, 4 சேனல்களை பிரிட்ஜ் செய்து, அதாவது இரண்டையும் ஒரே சேனலாகச் சேர்த்து, 12 அங்குல சப்வூஃபர் (பாஸ் ஸ்பீக்கர்). தாராபுரம் போகிற வழியில் பாஸ் பட்டென்று நின்றது, டிக்கியிலிருந்து கருகல் வாடை, ப்ரொடெக்ட் லைட் சிவப்பு. வண்டியை அணைத்து மறுபடி போட்டதும் 30 ஆம்பியர் ஃப்யூஸ் போய்விட்டது. இப்போது புது ஃப்யூஸ் போட்டால் போட்ட நொடியே போகிறது.

மாட்டிக் கொடுத்த கடைக்காரர் "போர்டு போச்சுங்க, புதுசு வாங்கிக்குங்க" என்கிறார். எனக்கு பனியன் கம்பெனியில் தையல் மெஷின் கன்ட்ரோல் பாக்ஸ் பார்க்கும் வேலை. மீட்டர், சால்டரிங் அயர்ன் எல்லாம் இருக்கிறது. திறந்து பார்த்ததில், வட்டக் காயில் பக்கத்தில் நாலு ஐஆர்எஃப்இசட் 44 மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ட்ரான்ஸிஸ்டர்), ஒன்றின் தலையில் விரிசல். கொஞ்சம் தள்ளி ஒரு டிஎல் 494 கன்ட்ரோல் ஐசி. அந்த நாலையும் மாற்றினால் போதுமா?

பாஸ் பிரியன்:
நண்பா, 30 பத்தாது. 40 போட்டுப் பாருங்க, எனக்கு அப்படித்தான் ஓடுது.

பழைய பெஞ்ச்:
தம்பி பாஸ் பிரியன், 40 போட்டால் அடுத்து போர்டில் இருக்கும் காப்பர் ட்ராக்தான் ஃப்யூஸாக எரியும். அதை ஒயர் வைத்து ஒட்டிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்கள் நிறைய. தயவுசெய்து வேண்டாம்.

திருப்பூர்காரரே, நாலையும் மாற்றினால் ஆம்ப் அநேகமாக உயிர் பெறும். ஆனால் அது ஏன் செத்தது என்று தெரியாமல் மாற்றினால் புதுசும் சாகும். அதனால் காசு செலவழிக்கும் முன் மீட்டரைப் பிடியுங்கள்.

ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் ஒயரைக் கழற்றிவிட்டு ஃப்யூஸ் போட்டாலும் போகிறதா? போனால் கோளாறு பவர் சப்ளை பக்கம், அதாவது அந்த நாலு மாஸ்ஃபெட், அல்லது பேட்டரி டெர்மினல் அருகே தலைகீழ் இணைப்பிலிருந்து காக்க வைத்திருக்கும் டயோடு. ரிமோட் கொடுத்த பிறகுதான் போகிறது என்றால் வட்டக் காயிலுக்கு அந்தப் பக்கம் தேடுங்கள். அங்கே ரெக்டிஃபயர் டயோடுகளும் அவுட்புட் ட்ரான்ஸிஸ்டர்களும் இருக்கும்.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். போர்டில் இருக்கும்போதே மாஸ்ஃபெட்டின் மூன்று கால்களில் (கேட், ட்ரெயின், சோர்ஸ்) ட்ரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் நாலும் பீப் அடிக்கும். உடனே நாலும் போச்சு என்று நினைக்கக் கூடாது. எல்லா ட்ரெயினும் காயிலின் பிரைமரி சுற்று வழியாக ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறது, அந்தச் சுற்றுக்கு ரெசிஸ்டன்ஸ் இல்லை என்றே சொல்லலாம். ஒன்று ஷார்ட்டானால் நாலும் ஷார்ட் மாதிரிதான் காட்டும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே அளந்தால் ஆள் யார் என்று தெரியும். செத்தது பெரும்பாலும் கேட்டோடு சேர்த்துத்தான் சாகும், ஒரு ஓமுக்கும் கீழே காட்டும். அதோடு பேரலலாக இருக்கும் ஜோடி, கேட் ரெசிஸ்டர்கள் வழியாக வருவதால், கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

அப்புறம் முக்கியமானது. சப்வூஃபரை ஆம்பிலிருந்து கழற்றி அதன் ஒயர்களில் எத்தனை ஓம் வருகிறது என்று அளந்து இங்கே எழுதுங்கள். என் சந்தேகம் அங்கேதான் இருக்கிறது.

திருப்பூர் தையல்:
அண்ணா, ரிமோட் இல்லாமலே ஃப்யூஸ் போகிறது. விரிசல் விட்டதில் கேட்–சோர்ஸ் 0.4 ஓம். கழற்றித் தனியாக அளந்தால் அது மட்டும்தான் ஷார்ட், மற்ற மூன்றும் சரி. அதன் 47 ஓம் கேட் ரெசிஸ்டர் கருகித் திறந்துவிட்டது. ரெக்டிஃபயரிலும் அவுட்புட்டிலும் ஷார்ட் இல்லை.

சப்வூஃபர் 1.8 ஓம் காட்டுகிறது. கூண்டைத் திறந்தால் அதற்கு இரண்டு வாய்ஸ் காயில், தனித்தனியாக 3.6 ஓம். கடையில் இரண்டையும் ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்திருக்கிறார்கள்.

பழைய பெஞ்ச்:
கிடைத்துவிட்டது. அது 4 ஓம் காயில் இரண்டு. மீட்டர் டிசி ரெசிஸ்டன்ஸைத்தான் காட்டும், அதனால் எப்போதும் கொஞ்சம் குறைவாகத் தெரியும். இரண்டையும் பேரலலாகச் சேர்த்தால் 2 ஓம். ஆம்ப் பின்பக்கம் பாருங்கள், பிரிட்ஜுக்குக் குறைந்தது 4 ஓம் என்று அச்சிட்டிருக்கும். பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலுக்கும் பாதி ஓம்தான் தெரியும், ஆக 3, 4 இரண்டும் 1 ஓமை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கின்றன. அத்தனை கரண்டையும் கொடுத்தது அந்த நாலு மாஸ்ஃபெட். மாட்டியவருக்கு சத்தம் அதிகம் வந்ததில் சந்தோஷமாக இருந்திருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். மூன்று நல்லா இருந்தாலும் நாலையும் ஒரே பேட்சில் வாங்கி மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் கரண்ட் சமமாகப் பிரியாது. சென்னை ரிச்சி தெருவிலோ கோவையிலோ வாங்கினாலும் பழகிய கடையில் வாங்குங்கள். அச்சை அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்ததும் எழுத்து கரைந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். நாலு கேட் ரெசிஸ்டரையும் மாற்றிவிடுங்கள், காசு ஒன்றுமில்லை.

புதுசை மாட்டும் முன், காலி போர்டுக்கு 2 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 12 வோல்ட்டும் ரிமோட்டும் கொடுங்கள். டிஎல் 494-இன் 12ஆம் காலில் பேட்டரி வோல்டேஜ், 14ஆம் காலில் 5 வோல்ட் வர வேண்டும். மாஸ்ஃபெட் இருந்த இடத்தில் இரண்டு பக்கக் கேட்டிலும் டிசி அளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் பூஜ்ஜியமோ முழு 12 வோல்ட்டோ வந்தால், செத்த மாஸ்ஃபெட் போகும்போது கேட்டை ஓட்டும் ட்ரைவர் ட்ரான்ஸிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் புதுசை மாட்டாதீர்கள்.

மாட்டிய பின் ஹீட்சிங்க் கிளாம்பை முழுதாக இறுக்காமல் ஆன் செய்யக் கூடாது, "சும்மா ஒரு நொடி பார்ப்போம்" என்றுகூட வேண்டாம். மைக்கா இன்சுலேட்டர் கிழிந்திருக்கிறதா என்று ட்ரெயினுக்கும் அலுமினிய பாடிக்கும் நடுவே அளந்துவிடுங்கள். முதல் ஆன், ஒரு பழைய 60 வாட் ஹெட்லைட் பல்ப் சீரியஸில். ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். பல்ப் கண் சிமிட்டி மங்கினால் நல்லது, கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது.

பாஸ் பிரியன்:
சரி அண்ணா, நானும் 30-க்கே மாற்றிவிடுகிறேன். ஒரு சந்தேகம், இரண்டு காயிலையும் ஆளுக்கொரு சேனலில் கொடுத்தால் சத்தம் கூடுமா?

பழைய பெஞ்ச்:
கூடாது. இரண்டு காயிலையும் சீரியஸில் சேர்த்தால் 8 ஓம், பிரிட்ஜில் சேனலுக்கு 4 ஓம். தனித்தனியாகக் கொடுத்தாலும் சேனலுக்கு அதே 4 ஓம், அதே பவர். தனித்தனி என்றால் இரண்டு சேனல் கெயினும் அச்சாக ஒத்துப்போக வேண்டும், அந்த வம்பு எதற்கு? சீரியஸே போதும்.

திருப்பூர் தையல்:
அண்ணா, ஓடுகிறது! ட்ரைவர் ட்ரான்ஸிஸ்டர் ஒன்றும் போயிருந்தது, நீங்கள் சொன்னபடி ஒரு பக்கக் கேட் பூஜ்ஜியம் காட்டியது. அதையும் ஜோடியோடு மாற்றினேன். பல்ப் சிமிட்டி அணைந்தது. ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி 15 மில்லி வோல்ட்டுக்குள் இருக்கிறது. சப்வூஃபரை சீரியஸில் மாற்றினேன். பாஸ் முன்பைவிடக் கொஞ்சம் கம்மிதான், ஆனால் ஒரு மணி நேரம் ஓட்டியும் ஹீட்சிங்க் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. இன்ஜின் ஓடும்போது மட்டும் ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்ப ஸ்பீக்கரில் 'ஙீ' என்று லேசாகக் கேட்கிறது.

பழைய பெஞ்ச்:
15 மில்லி வோல்ட் அருமை. அந்த ஙீ ஆல்டர்னேட்டர். ஆம்பின் கிரவுண்ட் ஒயர் பெயின்ட்டுக்கு மேலேயே முடுக்கியிருக்கும், பாருங்கள். உப்புத்தாளால் தகரம் மின்னும்வரை தேய்த்து முடுக்குங்கள், பாட்டு சிக்னல் வரும் ஆர்சிஏ ஒயரையும் பவர் ஒயரையும் வண்டியின் வேறு வேறு பக்கமாக இழுங்கள். போகவில்லை என்றால் எழுதுங்கள்.